வரலாற்றுத் தொடர்களில் வரலாறு: திப்புவின் வாளும் கொரியத் தளபதியின் நாட்குறிப்பும்

வேப்பனப்பள்ளி வட்டாரத்தின் எல்லையைத் தாண்டினால் ஒரு பக்கம் ஆந்திரத்தின் குப்பம், இன்னொரு பக்கம் கர்நாடகத்தின் கோலார் மாவட்டம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே சந்தையில் புழங்கும் ஊர் இது. திப்பு சுல்தானின் தந்தை ஐதர் அலி பிறந்த பூதிக்கோட்டை இங்கிருந்து அதிக தூரமில்லை. 1782-ல் சித்தூர்ப் பக்கம் போர் முகாமில் அவர் இறந்தபோது, உடலை முதலில் கோலாருக்குத்தான் கொண்டு போனார்கள். தெற்கே கிருஷ்ணகிரி மலைக்கோட்டை, மேற்கே ராயக்கோட்டை, அதற்கும் அப்பால் ஓசூர், பாகலூர் என்று மைசூர்ப் போர்களின் வரைபடம் முழுவதும் இந்த மண்ணில் விரிந்து கிடக்கிறது. ஆகவே, "வரலாற்றுத் தொடர் எவ்வளவு தூரம் உண்மையாக இருக்க வேண்டும்?" என்ற கேள்வி இந்த வட்டாரத்துக்கு ஏட்டுக் கேள்வி அல்ல. திரையில் வரும் நாயகனை ஒரு மாநிலம் கொண்டாட, இன்னொரு மாநிலத்தில் ஒரு சாரார் வெறுக்க, இரண்டு குரலும் நம் காதில் விழுகின்றன.

இன்று ஓசூர், கிருஷ்ணகிரி தொழிற்பேட்டைகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள், விடுதிக்குத் திரும்பியதும் கைபேசியில் கொரியத் தொடர்களைத் தமிழ்க் குரலில் பார்க்கிறார்கள். ஜோசன் என்ற பழைய கொரிய அரசின் அவையும் அதன் தளபதிகளும் அவர்களுக்கு அந்நியமில்லை. நம்முடைய திப்பு சுல்தான் தொடரையும், கொரியக் கடற்படை நாயகன் யி சுன்-சின் பற்றிய தொடரையும் அருகருகே வைத்துப் பார்க்க இதுவே தக்க நேரம். நாயகனின் புகழைக் காப்பாற்ற நினைத்து வரலாற்றில் கை வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டும் பாடம்.

தூர்தர்ஷனில் திப்பு

பகவான் எஸ். கித்வானி ஆங்கிலத்தில் எழுதிய 'திப்பு சுல்தானின் வாள்' என்ற நாவல் 1976-ல் வெளிவந்தது. நடிகர் சஞ்சய் கான் அதைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்து, திப்புவாகத் தானே நடித்தார். மைசூர் பிரீமியர் ஸ்டுடியோவில் படப்பிடிப்பு நடந்தபோது, 1989 பிப்ரவரி 8 அன்று பெரும் தீ பிடித்தது. அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சஞ்சய் கானும் கடுமையான தீக்காயங்களுடன் பிழைத்தார். அந்தத் துயரத்தைத் தாண்டித்தான் தொடர் 1990-ல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பாகத் தொடங்கியது.

அதற்கு முன்பே எதிர்ப்பு எழுந்திருந்தது. மலபாரிலும் குடகிலும் திப்புவின் படைகள் செய்தவற்றை மறைத்து அவரை மாசற்ற வீரனாகக் காட்டப் போகிறார்கள் என்பது, குறிப்பாகக் கேரளத்திலிருந்து வந்த குற்றச்சாட்டு. முடிவில் தொடரின் முன்னால் ஓர் அறிவிப்பு சேர்க்கப்பட்டது. இது கற்பனை என்றும், திப்புவின் வாழ்க்கையோடும் ஆட்சியோடும் இதற்குத் தொடர்பில்லை என்றும், ஒரு நாவலின் நாடக வடிவம் மட்டுமே என்றும் அந்த அறிவிப்பு சொன்னது.

தலைப்பில் திப்புவின் பெயர். கதையில் திப்புவின் தந்தை, மக்கள், போர்கள், மரணம். அறிவிப்பிலோ "இது திப்பு அல்ல". இதில் எதைப் பார்வையாளர் நம்புவார்? சில நொடி ஓடும் எழுத்துகளை மறந்துவிட்டு, அறுபது வாரம் கண்ட முகத்தைத்தான் நம்புவார். சர்ச்சையைத் தணிக்க அந்த அறிவிப்பு உதவியிருக்கலாம். வரலாற்றுக்கு அதனால் பயனில்லை.

அதே தூர்தர்ஷனில் 1988-ல் ஷியாம் பெனகலின் 'பாரத் ஏக் கோஜ்' வந்தது. நேருவின் நூலைத் தழுவிய அந்தத் தொடரில், ரோஷன் சேத் நேருவாக வந்து நடுநடுவே பேசுவார். நாடகம் நடக்கும், நிற்கும், ஒருவர் வந்து அதை எடைபோடுவார். யாரோ ஒருவருடைய பார்வையில் இதைப் பார்க்கிறோம் என்பதைப் பார்வையாளர் மறக்க முடியாது. இரண்டு ஆண்டு இடைவெளியில் ஒரே நிறுவனம் இரண்டு வழிகளைக் காட்டியது. கடினமான வழியை அதற்குப் பிறகு வந்தவர்களில் மிகச் சிலரே எடுத்தார்கள்.

நம் மலைகளில் நடந்தது

திப்புவின் கதையில் ஸ்ரீரங்கப்பட்டணம் பெரிய இடம் பிடிக்கும். கிருஷ்ணகிரி அடங்கிய பாரமகால் பகுதி பெரும்பாலும் ஓரமாக நின்றுவிடும். ஆனால் போரின் முழுக் குணமும் தெரிவது இங்கேதான்.

முதல் மைசூர்ப் போரில், 1768-ல், கிருஷ்ணகிரிக் கோட்டை ஆங்கிலேயரின் நீண்ட முற்றுகைக்குப் பிறகு பணிந்தது. அதே ஆண்டு ஐதர் ஓசூரை முற்றுகையிட்டார். அதை மீட்க வந்த கர்னல் வுட், பாகலூரில் விட்டுப்போன கனரகப் பீரங்கிகளையும் மூட்டை முடிச்சுகளையும் ஐதரிடம் பறிகொடுத்தார். மூன்றாம் போரில், 1791 ஜூலையில், ராயக்கோட்டையை மேஜர் கௌடியின் படை பிடித்தது. அதே ஆண்டு நவம்பரில் கர்னல் மேக்ஸ்வெல் கிருஷ்ணகிரியை இரவில் தாக்கினார். பேட்டையும் கீழ்க்கோட்டையும் அவர் கைக்கு வந்தன. ஓடி ஏறிய காவல்படையைத் துரத்திக்கொண்டே மேல்கோட்டைக்குள் நுழைந்துவிடலாம் என்று ஏணிகளோடு பாறையில் ஏறிப் பார்த்தார்கள். மேலிருந்து பாறாங்கற்கள் உருண்டு வந்தன; ஏணிகள் நொறுங்கின; ஆட்கள் விழுந்தார்கள். மேக்ஸ்வெல் பின்வாங்கினார். அந்தப் போரில் கிருஷ்ணகிரி மேல்கோட்டையை யாரும் ஏறிப் பிடிக்கவில்லை. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு தன் நாட்டில் ஏறக்குறையப் பாதியை விட்டுக்கொடுத்தபோது, பாரமகாலோடு சேர்ந்து அது கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது.

அந்த மலையின் சரிவை இன்றும் அடிவாரத்திலிருந்து பார்க்கலாம். வழுக்குப் பாறை, மழை வடிந்த கறுப்புத் தடங்கள், மேலே மதிலின் எச்சம். இரவில், கையில் ஏணியோடு, அதில் ஏறியவர்களில் பலர் கம்பெனிச் சம்பளத்துக்கு வந்த நம் நாட்டுச் சிப்பாய்கள். மேலே கல்லை உருட்டியவர்களும் நம் நாட்டவரே. இதை நேர்மையாகப் படமாக்கினாலே போதும், நாயகன் வில்லன் என்ற கணக்குக் குழம்பிவிடும். அந்தக் குழப்பம்தான் வரலாறு.

உடன்படிக்கைக்குப் பிறகு பாரமகாலுக்குப் பொறுப்பேற்றவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருடைய உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. உழவரிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை முளைவிட்டது இந்த வயல்களில்தான். ஏரி, கிணறு, பயிர், வரி, சாதி, தொழில் எல்லாவற்றையும் அவர்கள் எழுதி வைத்த குறிப்புகள், 'பாரமகால் ஆவணங்கள்' என்ற பெயரில் 1907 முதல் சென்னையில் பகுதி பகுதியாக அச்சாயின. ஓசூர்ப் பக்கமோ 1799 வரை திப்புவிடமே இருந்தது. அந்த ஏழு ஆண்டுகளும் இரண்டு அரசுகளின் எல்லை நம் ஊர்களுக்கு நடுவே ஓடியது. 1799 மார்ச் தொடக்கத்தில் ஜெனரல் ஹாரிஸின் படை ராயக்கோட்டை வழியாகத்தான் மைசூர் நாட்டுக்குள் நுழைந்தது. மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு வாயிலருகே போரிட்டு மாண்டார்.

யி சுன்-சின்: நாட்குறிப்பும் திரையும்

கொரியாவின் நிலைமை வேறு. 1592-ல் ஜப்பானியர் படையெடுத்தபோது தென்கரையைக் காத்த யி சுன்-சின், போரின் ஏழாண்டுகளும் ஒரு நாட்குறிப்பு எழுதினார். 'நான்ஜுங் இல்கி' என்ற அந்த நூலை யுனெஸ்கோ 2013-ல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. காய்ச்சல், வயிற்றுவலி, தாயின் மரணம், சக தளபதி வோன் கியூன்மீது அடங்காத கோபம் எல்லாம் அதில் இருக்கின்றன. நாயகனே தன் பலவீனங்களைத் தன் கையால் எழுதி வைத்திருக்கிறார்.

1597-ல் மியோங்நியாங் நீரிணையில் அவரிடம் இருந்தவை 13 கப்பல்கள். எதிரே 133 என்று நாட்குறிப்பு சொல்கிறது. போர் தொடங்கியதும் மற்றக் கப்பல்கள் பின்தங்கின. அவருடைய கப்பல் நெடுநேரம் தனியாக நின்றது. பின்வாங்கி நின்ற ஆன் வி என்ற அதிகாரியைப் பார்த்து, இராணுவச் சட்டத்தின்படி சாக விரும்புகிறாயா என்று அவர் கத்தினார். அவரிடம் வந்து சேர்ந்திருந்த ஜப்பானியர் ஒருவர், கடலில் மிதந்த ஓர் உடலின் சிவப்புப் பட்டுடையைக் கண்டு அது எதிரித் தளபதிதான் என்று அடையாளம் சொன்னார். எந்தத் திரைக்கதை எழுத்தாளரும் கைவைக்கத் தேவையில்லாத காட்சிகள் இவை.

இருந்தும் கை வைத்தார்கள். நீரிணையின் குறுக்கே இரும்புச் சங்கிலி கட்டிப் பகைக் கப்பல்களைக் கவிழ்த்தார் என்பது கொரியாவில் பரவலான கதை. நாட்குறிப்பில் அது இல்லை. ஆமைக் கப்பலின் முதுகு இரும்புத் தகடு போர்த்தியது என்று உலகம் நம்புகிறது. யி தன் அறிக்கையில் சொல்வது முதுகில் பதித்த இரும்பு முட்களை மட்டுமே.

கேபிஎஸ் தொலைக்காட்சியில் 2004 செப்டம்பர் முதல் 2005 ஆகஸ்டு வரை 104 பகுதிகளாக வந்த 'அழியாத யி சுன்-சின்' தொடரில் கிம் மியோங்-மின் நாயகனாக நடித்தார். கிம் ஹூன், கிம் தக்-ஹ்வான் என்ற இருவரின் நாவல்களை அது ஆதாரமாகக் கொண்டது. அங்கே எழுந்த முக்கியமான சர்ச்சை, வோன் கியூனைத் தொடர் அளவுக்கு மீறி நல்லவராக்கிவிட்டது என்பது. 1597-ல் சில்சொல்லியாங்கில் கொரியக் கடற்படையை ஏறக்குறைய முழுவதும் இழந்து மாண்டவர் அவர். ஆனால் போருக்குப் பின் 1604-ல் ஜோசன் அரசவை முதல்தர விருது வழங்கியது மூன்று பேருக்கு: யி சுன்-சின், குவோன் யுல், வோன் கியூன். அரசவையின் தீர்ப்பு ஒன்று, யியின் நாட்குறிப்புச் சொல்வது இன்னொன்று, பிற்கால மக்களின் தீர்ப்பு மூன்றாவது. வோன் கியூனுக்கு ஒரு பக்கம் இருந்தது என்று தொடர் காட்டியதில் தவறில்லை. அந்தப் பக்கத்துக்குச் சான்று எது, நாவலாசிரியரின் ஊகம் எது என்று பிரித்துக் காட்டாததே குறை.

நான்கு வகை மாற்றங்கள்

வரலாற்றுத் தொடர்கள் செய்யும் மாற்றங்களை நான்காகப் பிரிக்கலாம். நான்கையும் ஒரே தராசில் போடக் கூடாது.

முதலாவது, காலத்தையும் இடத்தையும் சுருக்குவது. மாதக்கணக்கான முற்றுகையைப் பத்து நிமிடத்தில் காட்டாமல் தொடர் எடுக்க முடியாது. இதில் குற்றம் காண்பது வீண்.

இரண்டாவது, பேச்சு. பழைய மனிதர்கள் பேசியதில் மிகச் சிறு பகுதிதான் ஏட்டில் ஏறியிருக்கிறது. 1959-ல் பி.ஆர். பந்துலு இயக்கிய 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில், சிவாஜி கணேசன் ஜாக்சன் துரையிடம் பேசும் வசனத்தைத் தமிழ்நாட்டில் மனப்பாடமாகச் சொல்லாத பள்ளி மேடை இல்லை. அது சக்தி கிருஷ்ணசாமியின் எழுத்து. 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் நடந்த சந்திப்போ வேறு வகையில் கனமானது. அங்கே கைகலப்பு ஏற்பட்டது; ஆங்கில அதிகாரி கிளார்க் கொல்லப்பட்டார்; பிறகு நடந்த விசாரணையில் கம்பெனியே ஜாக்சனைப் பதவியிலிருந்து நீக்கியது. ஜாக்சன் செய்தது தவறு என்று அவருடைய மேலிடமே முடிவு செய்த செய்தி எத்தனை பேருக்குத் தெரியும்? நல்ல வசனம் நல்ல சான்றை மறைத்துவிட்டது.

மூன்றாவது, பழியை ஒருவர் தலையில் ஏற்றுவது. நாயகன் தோற்க வேண்டுமானால் திரைக்கு ஒரு துரோகி தேவைப்படுகிறான். 2014-ல் வந்து கொரியாவில் வசூல் சாதனை படைத்த மியோங்நியாங் போர்ப் படத்தில், பே சோல் என்ற அதிகாரி யியைக் கொல்ல முயல்கிறார், ஆமைக் கப்பலுக்குத் தீ வைக்கிறார், அம்பு பட்டுச் சாகிறார். உண்மையில் அவர் போருக்கு முன்பே படையை விட்டு ஓடியவர். 1599-ல் பிடிபட்டுத் தண்டிக்கப்பட்டார். ஓடியது குற்றம்தான், செய்யாத கொலைமுயற்சியை ஏன் சுமத்த வேண்டும் என்று அவருடைய வழிவந்தவர்கள் படக்குழுமீது புகார் கொடுத்தார்கள்.

நம்மிடம் எட்டையபுரம் இருக்கிறது. எட்டப்பன் என்பது ஒரு தனிமனிதரின் பெயரன்று. அந்தப் பாளையக்காரர்கள் வழிவழியாகத் தாங்கிய பட்டம். எட்டையபுரம் கம்பெனிப் பக்கம் நின்றது உண்மை. பாஞ்சாலங்குறிச்சியோடு அதற்கு எல்லைப் பகை இருந்ததும் உண்மை. ஆனால் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவர்கள் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்டார். பழி முழுவதும் ஒரு பெயரில் போய்ச் சேர்ந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அமைச்சர் மீர் சாதிக்குக்கும் இதே கதி; கோட்டை வீழ்ந்ததற்குப் பீரங்கியும் படைபலமும் முற்றுகைத் திட்டமும் காரணமென்று சொல்வதைவிட ஒரு துரோகியைக் காட்டுவது எளிது. இறந்தவர்களுக்கு வழக்காட வாய் இல்லை. ஆகவே இந்த மாற்றத்துக்கு மிகக் கடுமையான சான்று கேட்க வேண்டும்.

நான்காவது, மௌனம். இதுவே மிகவும் ஆபத்தானது. ஏனென்றால் பொய் சொல்லாமலே பொய்யாகிவிடலாம். குடகர்கள் பெருங்கூட்டமாகச் சிறைப்பிடிக்கப்பட்டதும், மலபாரில் கட்டாய மதமாற்றம் நடந்ததும், 1784-ல் மங்களூர்க் கத்தோலிக்கர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நடத்திச் செல்லப்பட்டதும் நடந்த செயல்கள். எண்ணிக்கையில்தான் அறிஞர்களுக்குள் வேறுபாடு. அதேபோல, 1791-ல் பரசுராம் பாவின் மராட்டியப் படையைச் சேர்ந்தவர்கள் சிருங்கேரி மடத்தைக் கொள்ளையடித்தபோது, மடத்தைச் சீரமைக்கப் பணமும் பொருளும் அனுப்பிக் கன்னடத்தில் கடிதம் எழுதியவரும் திப்புவே. அந்தக் கடிதங்களை மைசூர்த் தொல்லியல் துறை இயக்குநர் ஆர். நரசிம்மாச்சார் 1916-ல் மடத்தில் கண்டெடுத்தார். முதலாவதை விட்டால் புகழ்மாலை. இரண்டாவதை விட்டால் வசைமாலை. 2015-ல் கர்நாடக அரசு திப்பு ஜயந்தியைத் தொடங்கியதற்கும், 2019-ல் பின்னர் வந்த அரசு அதை நிறுத்தியதற்கும் பின்னால், இந்த இரண்டு மௌனங்களும் நிற்கின்றன.

சான்றுகளும் ஒரு பக்கம் சாய்ந்தவையே

"ஆவணத்தில் இருப்பதை அப்படியே எடுத்தால் போதும்" என்றும் சொல்லிவிட முடியாது. திப்புவின் கடிதங்களை 1811-ல் ஆங்கிலத்தில் வெளியிட்ட வில்லியம் கிர்க்பாட்ரிக், எவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில் கம்பெனியின் கண்ணோடு இருந்தவர். மார்க் வில்க்ஸ் மைசூரில் ஆங்கில ரெசிடெண்ட். அவருடைய வரலாறு வென்றவர்களின் வரலாறு. பாரசீகத்தில் எழுதிய கிர்மானி ஐதர் குடும்பத்தின் விசுவாசி. திப்புவும் இதில் விலக்கில்லை. 1780-ல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் பெற்ற வெற்றியை ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவர் முழுக்க ஓவியமாக வரையச் செய்தார். காயம்பட்ட கர்னல் பெய்லி பல்லக்குக்குள் ஒடுங்கியிருக்கிறார். ஐதரும் திப்புவும் கம்பீரமாக வருகிறார்கள். அந்த ஓவியமும் ஒரு வகையில் அரசரே எடுத்த வரலாற்றுத் தொடர். மறுபக்கம், 1790-களிலேயே இலண்டன் மேடைகள் திப்புவைக் கொடுங்கோலனாக ஆட்டி வைத்தன. தூர்தர்ஷன் தொடர், இருநூறாண்டு நடந்த ஒரு வழக்கில் பின்னால் வந்த ஒரு சாட்சி.

இந்தச் சிக்கலுக்குக் கிரீஷ் கர்னாட் ஒரு வழி கண்டார். 'திப்புவின் கனவுகள்' நாடகத்தில் அவர் கிர்மானியையும் கம்பெனி அதிகாரி காலின் மெக்கன்சியையும் மேடைக்குக் கொண்டுவந்து பேச வைத்தார். திப்பு தன் கையால் எழுதி வைத்த கனவுக் குறிப்பே நாடகத்தின் விதை. யார் சொல்கிறார்கள், ஏன் சொல்கிறார்கள் என்பதை மேடையிலேயே காட்டியதால், கற்பனை அங்கே வரலாற்றை மறைக்கவில்லை.

நடுகல் சொல்லும் முறை

நம் வட்டாரத்தில் இதைவிடப் பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. வேப்பனப்பள்ளி அருகே சின்னகொத்தூர்ப் பக்கம், ஒய்சள இராமநாதனின் தலைநகராயிருந்த குந்தாணி இருந்தது. அந்தப் பகுதியெங்கும் நடுகற்கள் நிற்கின்றன. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் அவற்றைக் காணலாம். அடுக்குகளாகச் செதுக்கிய ஒரு கல்லைப் பாருங்கள். கீழ் அடுக்கில் வில்லும் வாளும் ஏந்திய வீரன், உடலில் தைத்த அம்புகளோடு நிற்கிறான். நடு அடுக்கில் தேவமகளிர் அவனைத் தூக்கிச் செல்கிறார்கள். மேல் அடுக்கில் அவன் இலிங்கத்தின் முன் இருக்கிறான். எழுத்துள்ள கல்லில், எந்த மன்னனின் எத்தனையாவது ஆண்டு, எந்த ஊர், எந்தப் பூசல், இறந்தவன் யார் என்ற செய்தி சுருக்கமாக இருக்கும்.

தேவமகளிரை யாரும் கண்டதில்லை. ஊர் அவனுக்குக் கொடுத்த மரியாதை அது. ஆனால் அந்த மரியாதை கீழ் அடுக்கில் கலக்கவில்லை. ஆண்டு மாறவில்லை, ஊர் மாறவில்லை, பூசலிட்டவர்களின் கணக்கில் வேறு யார் பெயரும் ஏறவில்லை. நிகழ்ந்ததும் நாம் போற்றுவதும் ஒரே கல்லில், தனித்தனி அடுக்கில் நிற்கின்றன. வரலாற்றுத் தொடருக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

என்ன செய்யலாம்

கொரியாவில் பார்வையாளர்களும் ஒரு பாடம் கற்பித்திருக்கிறார்கள். 2021 மார்ச்சில் எஸ்பிஎஸ் ஒளிபரப்பிய 'ஜோசன் எக்ஸார்சிஸ்ட்' தொடரில், ஜோசன் காலக் காட்சியில் சீன உணவும் பொருள்களும் வந்ததைக் கண்டு மக்கள் கொதித்தார்கள், விளம்பரதாரர்கள் விலகினார்கள், இரண்டே பகுதிகளோடு தொடர் நின்றது. தடை கேட்பது எனக்கு உடன்பாடில்லை. தடைசெய்த தொடரை யாரும் சரிபார்க்க முடியாது. ஆனால் தவறைக் கண்டுபிடிக்கும் அறிவு அங்கே பொதுமக்களிடம் இருந்ததே, அதை நாமும் பெற வேண்டும்.

தயாரிப்பாளர்கள் "முழுக்கக் கற்பனை" என்ற ஒற்றை வரியைக் கைவிட்டு, ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் எது ஆவணத்தில் உள்ளது, எது கதாசிரியர் சேர்த்தது என்று ஒரு நிமிடம் சொல்ல வேண்டும். பெயர் சொல்லி யாரையும் துரோகியாக்கினால் அதற்கான சான்றையும் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளிகள் மாணவர்களை ஆண்டுக்கு ஒரு முறையாவது மலைக்கோட்டைக்கும் அருங்காட்சியகத்துக்கும் அழைத்துப் போக வேண்டும். 'பாரமகால் ஆவணங்க'ளிலிருந்து நம் ஊர்ப் பகுதிகளைத் தமிழில் தொகுத்து நூலகங்களில் வைக்க வேண்டும். தெலுங்கும் கன்னடமும் உருதுவும் தமிழும் அறிந்த இளைஞர்கள் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். நான்கு மொழிச் சான்றுகளையும் ஒப்பிட்டுப் படிக்க இவர்களைவிடத் தகுதியானவர்கள் யார்?

திப்புவும் யி சுன்-சின்னும் பொய்யால் உயர வேண்டிய நிலையில் இல்லை. ஒருவர் கோட்டை வாயிலில் மாண்டார். மற்றவர் 1598-ல் நோரியாங் கடலில் குண்டடிபட்டு மாண்டார். இருவரின் பெருமையும் ஏட்டில் பத்திரமாக இருக்கிறது. திப்புவின் குற்றங்களும் அதே ஏட்டில் இருக்கின்றன. சான்று பேசும் இடத்தில் கற்பனை குறுக்கிடக் கூடாது, சான்று இல்லாத இடத்தில் கற்பனை தன்னைச் சான்று என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. இந்த இரண்டையும் காப்பாற்றும் தொடரையே வரலாற்றுத் தொடர் என்று நாம் ஏற்க வேண்டும்.